"டானி யார்?": ஆய்வேட்டிலிருந்து இதழ்க் கட்டுரை எழுதுவது எப்படி?

கேள்வி | காவிரிக்கரையாள்

(திருத்தம்: நான் கீழே சொல்லும் அம்மாவின் ஊர், வயது, பார்த்த வேலை, பிள்ளைகள் இருக்கும் நாடுகள் ஆகியவற்றை இந்தக் கேள்வியிலிருந்து நீக்கிவிட்டேன். காரணம் கீழே வடமராட்சியான் அண்ணாவின் பதிலில் இருக்கிறது.)

அனைவருக்கும் வணக்கம். நான் திருச்சிக்காரி. இங்கிலாந்தில் உளவியலில் எம்.எஸ்ஸி. முடிக்கும் தறுவாயில் இருக்கிறேன். மறதிநோய் வந்த பெற்றோரைப் பார்த்துக்கொள்ளும் ஈழத்தமிழ்க் குடும்பங்களைப் பற்றியது என் ஆய்வேடு. லண்டனில் எட்டுப் பேரிடம் பேசினேன். ஆறு மகள்கள், ஒரு மகன், ஒரு மருமகள். ஆய்வேட்டைப் படித்த என் வழிகாட்டி, "இதை நாம் இருவரும் சேர்ந்து 'தி சைக்காலஜிஸ்ட்' இதழுக்கு 1,500 சொல்லில் எழுதுவோம்" என்றார். பிரிட்டிஷ் உளவியல் சங்கம் 1988 முதல் நடத்திவரும் இதழ் அது. மருத்துவமனையில் இருப்பவர், பள்ளியில் இருப்பவர், சிறையில் வேலை பார்ப்பவர் என்று எல்லாத் துறை உளவியலாளர்களும் படிப்பார்கள். அன்றிரவே உட்கார்ந்துவிட்டேன். மூன்று வாரமாகிறது, கட்டுரை நகர மறுக்கிறது.

எதை எழுத வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அந்த எட்டுப் பேரில் ஓர் அக்கா இருக்கிறார். அவருடைய அம்மா ஒரு பராமரிப்பு இல்லத்தில் இருக்கிறார். கடை, வங்கி, மருத்துவர் என்று எல்லா இடத்திலும் பல ஆண்டுகள் ஆங்கிலத்தில் சமாளித்தவர். நோய் முற்ற முற்ற ஆங்கிலம் கழன்றுபோய்த் தமிழ் மட்டும் மிஞ்சியது. பிந்திக் கற்ற மொழி முதலில் போவது பலரிடம் காணப்படுவதுதான். ஒருநாள் அக்கா போனபோது பணியாளர் ஒருவர், "டானி யார்? உங்கள் அண்ணனா? இரவெல்லாம் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்" என்று கேட்டிருக்கிறார். பதிவேட்டைப் பார்த்தால், நான்கு நாட்களாக அதே குறிப்பு: 'டானி என்பவரைத் தேடுகிறார். அமைதியின்றி இருக்கிறார்.' அந்த வீட்டில் டானி என்று யாரும் இல்லை. அக்கா அருகில் உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்டார். அம்மா கேட்டது தேத்தண்ணி.

அன்று மாலையே அக்கா ஒரு தாளில் எட்டுத் தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதி, எதிரே பொருளும் எழுதிக் கட்டிலுக்கு மேலே ஒட்டினார். தேத்தண்ணி, குளிருது, நோகுது என்று தொடங்கும் அந்தத் தாளின் படம் என்னிடம் இருக்கிறது. நாலு மூலையிலும் ஒட்டிய நாடா மஞ்சளாகிவிட்டது. 'நோகுது' என்ற சொல்லில் நானே ஒரு நிமிடம் நின்றேன். எங்கள் வீட்டில் மனம் நோகும். அவர்களுக்கு முழங்கால் நோகும்.

ஆய்வேட்டில் இது முழுவதும் 'கருப்பொருள் 2: மொழிசார் தொடர்பாடல் இடையூறுகள்' என்ற தலைப்பின் கீழ் நான்கு வரிகளாக நிற்கிறது. அக்காவின் பெயர் 'பங்கேற்பாளர் 5'.

இதழுக்கு நான் தேத்தண்ணியில் தொடங்கி எழுதினேன். வழிகாட்டி திருத்தி அனுப்பியபோது அது நான்காம் பத்திக்குப் போயிருந்தது. முதல் வரி இப்படி மாறியிருந்தது: 'மக்கள்தொகை உலகளவில் முதுமையடைந்துவரும் சூழலில், புலம்பெயர் சிறுபான்மைச் சமூகங்களின் மறதிநோய்ப் பராமரிப்புக் குறித்த ஆய்வுகள் போதுமானவையாக இல்லை என்பது சுட்டிக்காட்டப்பட்டுள்ளது.' ஹைதராபாத்தில் இருமொழியாளர்களைப் பற்றி நடந்த ஆய்வை இரண்டாம் பத்தியில் வைக்கலாம் என்கிறார். அவர் மிக நல்லவர். நேர்காணல் ஒன்று முடிந்து நான் உடைந்துபோன நாளில் ஒரு மணி நேரம் கூடவே இருந்தவர். அவர் மனம் நோகாமல் இதை எப்படிச் சொல்வது?

இன்னும் இரண்டு சந்தேகங்கள். அக்கா கையெழுத்திட்ட ஒப்புதல் படிவத்தில் 'ஆய்வேட்டிலும் ஆய்விதழ்களிலும் பயன்படுத்தலாம்' என்று இருக்கிறது. இந்த இதழுக்கு அது போதுமா? யார் பெயர் முதலில் வர வேண்டும்? வரைவில் வழிகாட்டியின் பெயர் முதலில் இருக்கிறது. அவர் அதை வேண்டுமென்றே செய்தாரா என்பதுகூட எனக்குத் தெரியவில்லை.

பதில் 1 | பனிக்கால மாணவன்

வாழ்த்துகள். நான் முனைவர் பட்டத்தின் இரண்டாம் ஆண்டில் இருக்கிறேன். ஒரு மாற்று யோசனை: உளவியல் முதுநிலை மாணவர்களுக்கென்றே சைபேக் என்ற அமைப்பு இங்கே இருக்கிறது. அது ஒரு காலாண்டிதழ் நடத்துகிறது. எழுதுகிறவர்களும் படிக்கிறவர்களும் பெரும்பாலும் நம்மைப் போன்ற மாணவர்கள்தான். நான் முதலில் எழுதியது அதில்தான். நேர்காணலுக்குப் போன இடத்தில் மூவர் வராமல் போனதையும் மழையில் காத்திருந்ததையும் எழுதினேன். ஆய்விதழ் ஏற்காத விஷயங்களுக்கு அங்கே இடம் இருந்தது. பெரிய இதழில் தயக்கமாக இருந்தால் அங்கே தொடங்கலாம். ஆனால் உங்களிடம் இருப்பதைப் பார்த்தால், அந்த அம்மாவின் கதை பராமரிப்பு இல்லங்களுக்குப் போய்வரும் உளவியலாளர்களின் கண்ணில் பட வேண்டியது. மாணவர்களோடு நின்றுவிடக் கூடாது.

பதில் 2 | பழைய வகுப்பறை

வணக்கம் அம்மா. சென்னையில் பதினோரு ஆண்டுகள், பிறகு இங்கிலாந்தில் பதினெட்டு ஆண்டுகள் உளவியல் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். மாணவர்களோடு சேர்ந்து தொழில்முறை இதழ்களுக்கு நிறைய எழுதியிருக்கிறேன். உங்கள் வழிகாட்டி செய்ததை நானும் செய்திருக்கிறேன். அதனால் அவர் பக்கத்திலிருந்து தொடங்குகிறேன்.

'சுட்டிக்காட்டப்பட்டுள்ளது' என்ற அந்த வரி ஆணவத்தில் வருவதில்லை, பழக்கத்தில் வருகிறது. ஆய்விதழுக்கு எழுதும்போது இதுவரை யாரும் ஆராயாத இடைவெளியை முதல் பத்தியிலேயே காட்டியாக வேண்டும். காட்டாவிட்டால் மதிப்பீட்டாளர் திருப்பி அனுப்பிவிடுவார். பத்து ஆண்டுகள் அப்படி எழுதியவருடைய கை தானாகவே அந்த வரியைப் போடும். கூடவே மாணவியைக் காப்பாற்றும் எண்ணமும் இருக்கும். ஒரு தேநீர்க் கதையோடு தொடங்கினால் இந்தப் பெண்ணை யாரும் ஆய்வாளராக மதிக்க மாட்டார்களோ என்ற பயம் அது. எனக்கும் அந்தப் பயம் இருந்தது. அதன் பெயரில் ஒரு மாணவனின் கட்டுரையை நான் கெடுத்தேன். விபத்தில் மகனை இழந்த லாரி ஓட்டுநர் ஒருவரிடம் அவன் பேசியிருந்தான். அவர் பேசும்போது தம் கையிலிருந்த சாவிக்கொத்தை எண்ணிக்கொண்டே இருந்தாராம். அதை நான் வெட்டினேன். கட்டுரை வெளிவந்தது, ஒருவர்கூட அதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. அந்தச் சாவிக்கொத்து இன்னும் என் நினைவில் இருக்கிறது. கட்டுரையில் மிச்சம் வைத்த எதுவும் நினைவில் இல்லை.

ஆகவே அவரிடம் "உங்கள் தொடக்கம் சரியில்லை" என்று சொல்லாதீர்கள். "நம் வாசகர் யார்?" என்று கேளுங்கள். அந்த இதழைப் பிரிப்பவர் யாரென்று இருவரும் சேர்ந்து ஒருவரைக் கற்பனை செய்யுங்கள். ஒரு கல்வி உளவியலாளர், மதிய உணவு நேரம், கையில் ஒரு சாண்ட்விச். அவருக்கு மறதிநோய் துறையே அல்ல. ஆனால் கருப்பொருள் பகுப்பாய்வு, அதாவது நேர்காணல்களில் திரும்பத் திரும்ப வருவதைத் தலைப்புகளாகத் தொகுக்கும் முறை, தெரியும். அந்த முறையைப் பற்றிப் பிரவுனும் கிளார்க்கும் 2006-இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு பிரிட்டனில் அதைப் படிக்காத உளவியல் மாணவரைப் பார்ப்பது அரிது. எனவே முறையியலுக்கு ஒரே வாக்கியம் போதும்: எட்டுப் பேரிடம் பேசினேன், தமிழில் பேசினேன், நானே மொழிபெயர்த்தேன். அவருக்குத் தெரியாதது அந்த அறையில் என்ன நடந்தது என்பதுதான். அதற்கு இடம் கொடுங்கள்.

உங்கள் தொடக்கத்தை நான் இப்படி எழுதுவேன்: 'நான்கு நாட்களாகப் பதிவேட்டில் டானி என்ற ஒருவர் இருந்தார். ஐந்தாம் நாள் மகள் வந்தபோதுதான், அது ஆளின் பெயர் அல்ல, தேநீரின் பெயர் என்று தெரிந்தது.' அங்கேயே நில்லுங்கள். 'இதிலிருந்து தெரிவது என்னவென்றால்' என்று உடனே விளக்கப் போகாதீர்கள். இரண்டாம் பத்தியில் அந்தத் தாளைக் காட்டுங்கள். 'நோகுது' என்ற சொல்லை அப்படியே வையுங்கள், பொருளை அந்த வாக்கியத்துக்குள்ளேயே சொல்லுங்கள். திருச்சிப் பெண்ணாகிய நீங்களே அந்தச் சொல்லில் நின்றீர்களே, அதையும் எழுதுங்கள். தமிழ் தெரிந்த ஆய்வாளருக்கே ஒரு நிமிடம் பிடித்தது என்றால், தமிழே தெரியாத பணியாளரின் நிலை வாசகருக்குப் புரியும். அந்தப் பணியாளரைக் குற்றவாளியாக்கவும் வேண்டாம். அவர் கேட்டதைக் கேட்டபடி பதிவுசெய்தவர். மகளிடம் விசாரித்தவரும் அவர்தான்.

ஹைதராபாத் ஆய்வைப் பற்றி. சுவர்ணா அல்லாடியும் அவர் குழுவினரும் 2013-இல் வெளியிட்டது அது. மறதிநோய் வந்த 648 பேரைப் பார்த்தார்கள். அவர்களில் இருமொழியாளருக்கு, ஒருமொழியாளரைவிட ஏறத்தாழ நான்கரை ஆண்டு பிந்தி நோய் தொடங்கியிருந்தது. பள்ளிக்கூடம் போகாதவர்களிடமும் அந்த வேறுபாடு இருந்தது. அதனால் இது படிப்பின் விளைவுதான் என்று சொல்லித் தள்ளிவிட முடியவில்லை. அருமையான ஆய்வு. ஆனால் உங்கள் கட்டுரைக்கு அது எதற்கு? நோய் எப்போது தொடங்குகிறது என்று அது கேட்கிறது. வந்துவிட்ட பிறகு ஒருவர் எந்த மொழியில் தாகத்தைச் சொல்கிறார் என்று நீங்கள் கேட்கிறீர்கள். பக்கத்தில் வைத்தால் வாசகர் இரண்டையும் குழப்பிக்கொள்வார். 'இரண்டு மொழி பேசினால் மறதிநோய் வராது' என்று எங்காவது ஒரு தலைப்பு வரும். அந்த ஆய்வு அப்படிச் சொல்லவே இல்லை. நோய் இல்லாதவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வுகள் சிலவற்றில் அந்தத் தள்ளிப்போதலே தென்படவும் இல்லை. ஒரு வரியில் சொல்லிக் கடக்க முடிந்தால் வையுங்கள், இல்லையேல் விடுங்கள்.

எட்டுப் பேரை வைத்துக்கொண்டு சதவீதம் எழுத வேண்டாம். 'எட்டில் ஐந்து பேர்' என்றே எழுதுங்கள்.

பெயர் விஷயம். அமெரிக்க உளவியல் சங்கத்தின் நெறிமுறை இதைத் தெளிவாகவே சொல்கிறது: மாணவரின் முனைவர் பட்ட ஆய்வேட்டைப் பெரிதும் அடிப்படையாகக் கொண்டு பலர் சேர்ந்து எழுதும் கட்டுரையில், விதிவிலக்கான சூழல் தவிர, மாணவரே முதன்மை ஆசிரியர். நீங்கள் இருப்பது பிரிட்டன், உங்களுடையது முதுநிலை ஆய்வேடு. ஆனாலும் அந்த வழக்கம் அங்கேயும் தெரிந்ததே. பெயர் வரிசையைத் திருத்தங்களின் குறிப்புகளுக்கு நடுவில் எழுதி அனுப்பாதீர்கள். நேரில் போய், "பெயர் வரிசையைப் பற்றி நாம் இன்னும் பேசவில்லையே" என்று கேளுங்கள். பெரும்பாலும் அவர் கோப்பைத் திறந்தவுடன் தம் பெயரைத் தட்டெழுதியிருப்பார், அவ்வளவுதான். கேட்காமல் இருந்துவிட்டால்தான் அது உங்களுக்குள் பல ஆண்டுகள் உறுத்தும்.

முழுக் கட்டுரையையும் முடித்துவிட்டு இதழுக்கு அனுப்பவும் வேண்டாம். என்ன கதை, ஏன் நீங்கள் இருவரும் எழுதுகிறீர்கள், எத்தனை சொல் என்று ஒரு சிறு கடிதம் முதலில் போகட்டும்.

ஒப்புதலைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். உங்கள் படிவம் போதாது. சட்டப்படி போதுமா என்பது வேறு பேச்சு. ஆய்வேட்டை நான்கு பேர் படிப்பார்கள். இதழை அந்த அக்காவின் பக்கத்து வீட்டுக்காரர்கூடப் படிக்கலாம். உங்கள் பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவிடம் கேளுங்கள், அதைவிட முக்கியமாக அக்காவிடமே போங்கள்.

காவிரிக்கரையாள்

அம்மா, இதைப் படித்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். சாவிக்கொத்தைப் பற்றிச் சொன்னதற்கு நன்றி. நாளை வழிகாட்டியைச் சந்திக்கிறேன்.

அக்காவிடம் போவதில் மட்டும் தயக்கமாக இருக்கிறது. ஒரு முறை எல்லாவற்றையும் சொல்லி அழுதுவிட்டார். மறுபடியும் போய் அதையே கிளறுவதா? பெயரை மாற்றி, மகளை மருமகளாக்கி, லண்டனை வேறு ஊராக்கி எழுதினால் போதாதா?

பதில் 3 | வடமராட்சியான்

தங்கச்சி, நான் உளவியல் படித்தவன் இல்லை. சரக்கு வண்டி ஓட்டுகிறேன். என்னுடைய அம்மாவும் மறதிநோயில்தான் போனார்.

உங்களுடைய கேள்வியில் அந்த அம்மாவின் ஊரை எழுதியிருக்கிறீர்கள். வயது எழுதியிருக்கிறீர்கள். ஊரில் என்ன வேலை பார்த்தவர் என்று எழுதியிருக்கிறீர்கள். எத்தனை பிள்ளைகள் எந்தெந்த நாட்டில் என்றும் இருக்கிறது. பெயர் இல்லைதான். ஆனால் அந்த ஊர் எனக்கு அடுத்த ஊர். படித்து முடிக்க முன்பே இரண்டு பேர் என் மனதில் வந்துவிட்டார்கள். என் மனைவி ஒருவரைச் சொன்னார், அவர் சொன்னது சரியாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். எங்களுடைய ஆட்கள் லண்டனில் எத்தனை பேர் இருந்தாலும், கோயில், கல்யாண மண்டபம், பழைய மாணவர் சங்கம் என்று மூன்று இடத்தில் எல்லாரும் எல்லாரையும் தெரிந்தவர்கள். தயவுசெய்து இப்போதே அழித்துவிடுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அம்மாவை இல்லத்தில் விட்டது அந்தப் பிள்ளைக்கு லேசான விஷயமாக இருந்திருக்காது. எங்கள் சனத்தின் நடுவில் 'தாயைக் கொண்டுபோய் விட்டுவிட்டார்கள்' என்ற பேச்சு எப்படிப் பரவும் என்று உங்களுக்குத் தெரியாது. நான் என் அம்மாவைக் கடைசிவரை வீட்டில் வைத்திருந்தேன், அது என் பெருமை இல்லை. மனைவி வேலையை விட்டதால்தான் முடிந்தது. அந்தப் பிள்ளைக்குத் தெரியாமல் இது அச்சில் வந்தால், தேத்தண்ணியைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். இல்லத்தைப் பற்றித்தான் பேசுவார்கள்.

கிளறுவதா என்று கேட்டீர்கள். போய்க் கேளுங்கள். என்னிடம் யாராவது வந்து என் அம்மா கடைசியில் என்னென்ன சொன்னார் என்று கேட்டால் நான் வேலைக்குப் போகாமல் இருந்து சொல்லுவேன்.

பழைய வகுப்பறை

வடமராட்சியான் சொன்னதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை. பெயரை மாற்றுவது பற்றி மட்டும் ஒரு வரலாறு. பிராய்டும் பிராயரும் 1895-இல் 'அன்னா ஓ.' என்று எழுதிய பெண்ணின் உண்மைப் பெயர் பெர்த்தா பாப்பன்ஹைம். B, P என்ற முதலெழுத்துகளை ஆங்கில அகரவரிசையில் ஓர் எழுத்து முன்னுக்குத் தள்ளி A, O என்று ஆக்கியிருந்தார்கள், அவ்வளவுதான். 1953-இல் பிராய்டின் வாழ்க்கை வரலாற்றை எழுதியவர் அந்தப் பெயரை வெளியிட்டார். அப்போது பெர்த்தா உயிரோடு இல்லை. பெண்களின் உரிமைக்காக அவர் உழைத்த உழைப்பை விட்டுவிட்டு, இன்றும் உலகம் அவரை நோயாளியாகவே நினைவு வைத்திருக்கிறது.

மாறாக, 1953-இல் மூளை அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு புதிய நினைவுகளைச் சேர்க்க முடியாமல் போனவர், 2008-இல் இறக்கும்வரை ஆய்வுலகில் 'எச்.எம்.' என்ற இரண்டு எழுத்தாகவே இருந்தார். ஹென்றி மொலைசன் என்ற பெயர் அதன் பிறகுதான் வெளியே வந்தது. அத்தனை ஆண்டுகள், அத்தனை ஆய்வாளர்கள், ஒருவரும் வாய் திறக்கவில்லை. அது முடியும் அம்மா.

மகளை மருமகளாக்க வேண்டாம். பொய்யான விவரத்தை நுழைப்பதைவிட, உண்மையான விவரத்தைச் சொல்லாமல் விடுங்கள்.

காவிரிக்கரையாள்

கேள்வியைத் திருத்திவிட்டேன். அண்ணா, உங்கள் பதிலைப் படித்தபோது கை நடுங்கியது. அந்த விவரங்கள் இங்கே ஒன்றரை நாள் இருந்தன. அக்காவிடம் அதையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "அழித்துவிட்டீர்கள்தானே" என்றார். சிறிது நேரம் வேறு எதுவும் பேசவில்லை.

வழிகாட்டியைச் சந்தித்தது நல்லபடியாக முடிந்தது. வாசகர் யார் என்று கேட்டவுடன் அவரே தம் முதல் பத்தியை அடித்துவிட்டார். பெயர் வரிசையைக் கேட்டபோது முகம் சிவந்து, "அதை யோசிக்கவே இல்லை, உங்கள் பெயர்தான் முதலில்" என்றார். ஹைதராபாத் ஆய்வு போய்விட்டது. நெறிமுறைக் குழுவுக்கு அவரே எழுதினார். இதழுக்கெனத் தனி ஒப்புதல் படிவம் வந்திருக்கிறது.

சனிக்கிழமை அதை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். கட்டுரையைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன், அவர் ஆங்கிலத்தையும் தாமே ஒரு முறை வாசித்தார். டானி வரும் இடத்தில் சிரித்தார், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார். இரவுப் பணியாளர் ஒருவர் இப்போது கதவைத் தட்டியவுடன் "தேத்தண்ணி?" என்று கேட்கிறாராம். அதைச் சேர்க்கச் சொன்னார், சேர்த்துவிட்டேன்.

தாளில் இருந்த எட்டுச் சொற்களையும் நான் கட்டுரையில் கொடுத்திருந்தேன். அக்கா ஆறாவது சொல்லின் மேல் விரலை வைத்து, "பிள்ளை, இதை மட்டும் எடுத்துவிடுங்கள். அம்மாவுக்குத் தெரிந்தால் வெட்கப்படுவார்" என்றார். எடுத்துவிட்டேன். இப்போது ஏழு சொற்கள் இருக்கின்றன. இதழுக்குக் கடிதம் வெள்ளிக்கிழமை போகிறது.